உப்புக் காற்றுக்கு எந்தத் தொட்டி தாங்கும்?

ராணுவ ஜீப்புக்குப் பின்னால் ஓடிய கால் டன் தொட்டி டிரெய்லரைப் போல ஒன்றைச் செய்து, கூடாரம், அடுப்பு, தண்ணீரோடு கடற்கரைக்குப் போய் இரண்டு இரவு தங்க வேண்டும் என்ற ஆசை, தார், பொலேரோ, ஜிம்னி போன்ற வண்டிகளை வைத்திருக்கும் பலருக்கு இருக்கிறது. ஆசை வந்ததும் முதலில் தடுமாற வைப்பது தொட்டிதான். ராணுவம் கழித்துவிட்ட பழைய இரும்புத் தொட்டியை வாங்கிச் சீரமைப்பதா? டிராக்டர் டிரெய்லர் கட்டும் பட்டறையில் புதிதாக இரும்பில் அடிக்கச் சொல்வதா? அல்லது துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்புச் சட்டத்தின் மேல், படகு கட்டுகிறவர்களிடம் பைபர் தொட்டி செய்து உட்கார வைப்பதா? கொடைக்கானல் மலைப்பாதைக்குப் போகிறவருக்கு ஒரு விடை சரியாக இருக்கும். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் என்று நீளும் ராமநாதபுரம் கரைக்கு அந்த விடை பொருந்தாது. இந்தக் கட்டுரை இந்தக் கரைக்குப் போகிறவருக்கானது.

வடிவத்தின் மூலத்தை முதலில் பார்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் ஜீப்புக்காக அமெரிக்காவின் பான்டம் நிறுவனம் கால் டன் டிரெய்லர் ஒன்றைச் செய்தது. அந்த வழியில் பிற்காலத்தில் வந்தது எம்416. வெறும் வண்டியின் எடை சுமார் 260 கிலோ; காட்டுப்பாதையில் ஏற்றக்கூடிய சுமை சுமார் 225 கிலோ. சக்கரம் 7.00-16 அளவு. அதை இழுத்த எம்151 ஜீப்பின் சக்கரமும் அதே அளவுதான். தொட்டிக்குள் தண்ணீர் புகாது. அடியில் உள்ள வடிகால் அடைப்பான்களை மூடினால் ஆற்றில் மிதந்தபடி கரை சேரும். திறந்துவிட்டால் மழைநீர் வடிந்துவிடும். குறைந்த எடை, இழுக்கும் வண்டியின் அதே சக்கரம், நீர் புகாத தாழ்ந்த தொட்டி ஆகிய மூன்றையும்தான் நாம் அந்த டிரெய்லரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் தகரக் கேன் மாட்டுவதும் மண்வெட்டி தொங்கவிடுவதும் வெறும் தோற்றம்.

நம் கரையில் பாறையேற்றம் கிடையாது. உயரமான சஸ்பென்ஷனும் ராட்சத டயரும் இங்கே வேலையற்றவை. இங்கே நாம் எதிர்கொள்வது உப்பு, மணல், முள், காற்று. இவற்றில் உப்பு எவ்வளவு கொடியது என்பதற்குப் பாம்பனே சாட்சி. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றில்தான் நம் டிரெய்லரும் விடிய விடிய நிற்கப் போகிறது. பகலில் காயும் உப்புத்தூள் இரவுப் பனியில் மறுபடி ஈரமாகி இரும்பைத் தின்னும். ஆகவே எந்தத் தொட்டி என்ற கேள்வியை நான் துருவை வைத்தே தீர்மானிக்கிறேன். மற்றவை அதற்குப் பிறகுதான்.

பழைய ராணுவத் தொட்டி

இதற்கு ஒரு கம்பீரம் இருப்பதை மறுக்க முடியாது. அழுத்தி வார்த்த விலா வரிகளும், கனத்த கொக்கி வளையமும், பல்லாண்டு ஓடியும் வளையாத சட்டமும் பார்த்தவுடன் மனதை இழுக்கும். வாங்குவதற்கு முன் ஒரு சிறு சுத்தியல், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். பக்கவாட்டுத் தகடு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்; அதைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அடியில் படுத்து, தரைத்தகடும் பக்கத்தகடும் சேரும் மடிப்பு நெடுகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடத்தில் ஒலி அமுங்கிவிடும். அமுங்கிய இடத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். முனை உள்ளே இறங்கினால், அதற்கு மேல் பூசியிருக்கும் பளபளப்பான பெயின்டுக்கு மதிப்பே இல்லை. ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் சேறு காய்ந்து பாளமாக நிற்கும். அதைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள். இந்த வண்டிகள் முதலில் சாவது அங்கேதான்.

மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமரும் அதற்கு மேல் பியூ (பாலியூரிதேன்) பெயின்டும் அடித்தால் பழைய தொட்டி சில ஆண்டுகள் தாங்கும். மடிப்புகளுக்குள்ளும் பெட்டிக் குழாய்களுக்குள்ளும் பெயின்ட் துப்பாக்கி எட்டாது. துரு அங்கிருந்துதான் கிளம்பும். வீடு மதுரைக்கு மேற்கே இருந்து, கடற்கரைக்கு எப்போதாவது வருகிறவர் என்றால் இந்தக் குறையோடு வாழலாம். வீடே ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ இருந்து, வண்டி ஆண்டு முழுவதும் கடல்காற்றில் நிற்கப் போகிறது என்றால் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

காகித வேலை இன்னொரு தடை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே வரையறுக்கிறது. ஆகவே பதிவு இல்லாமல் பொதுச்சாலையில் இழுத்துச் செல்லக் கூடாது. ராணுவத்தில் கழித்த வண்டியைப் பதிவுசெய்ய, விற்ற அதிகாரியிடமிருந்து படிவம் 21-இல் மூல விற்பனைச் சான்று வேண்டும். இரண்டு மூன்று கைமாறி வந்த தொட்டிக்கு அந்தச் சான்று பெரும்பாலும் தொலைந்திருக்கும். விற்பவர் "எல்லாம் வாங்கித் தருகிறேன், சார்" என்று சொன்னால், வாங்கித் தந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

நிறம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராணுவ பாணி என்றவுடன் எல்லோருக்கும் அந்த ஆலிவ் பச்சைதான் ஆசை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-வது விதி, பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர வேறு எந்த வாகனமும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது என்கிறது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும், கரை நெடுகக் கடலோரக் காவலும் உள்ள மாவட்டம் இது. இரவில் தோப்புக்குள் பச்சை வண்டியோடு நிற்பது தேவையில்லாத விசாரணையைத்தான் வரவழைக்கும். மண் நிறம் அல்லது வெள்ளை பூசுங்கள். வெயிலுக்கும் அதுவே நல்லது.

பட்டறை இரும்பா, படகு பைபரா

டிராக்டர் டிரெய்லர் கட்டும் பட்டறைகளின் கை பலமான கை. அந்தப் பலம்தான் இங்கே சிக்கலும். நெல் மூட்டையும் செங்கல்லும் ஏற்றும் வண்டிகளைக் கட்டிப் பழகிய மேஸ்திரி, நாம் சொல்லும் அளவைக் கேட்டதும் மெலிதாக இருக்கிறதே என்று கவலைப்பட்டு, சொன்னதற்கு ஒரு சுற்று கூடுதலான சேனலைப் போட்டுவிடுவார். விளைவாக, 200 கிலோவில் முடிய வேண்டிய வண்டி 350 கிலோவில் வந்து நிற்கும். மணலில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. எனவே சட்டத்துக்கு 50 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. கனம் என்று எழுதியே கொடுத்துவிட வேண்டும். கூடவே நின்று பார்ப்பதும் நல்லது.

தொட்டியின் எடையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நீளம் 1.8 மீட்டர், அகலம் 1 மீட்டர், உயரம் 45 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் தரையும் நான்கு சுவரும் சேர்ந்து ஏறக்குறைய 4.3 சதுர மீட்டர். 2 மி.மீ. இரும்புத் தகட்டில் அடித்தால் 68 கிலோ. 5 மி.மீ. பைபரில் செய்தால் 32 கிலோவை ஒட்டி வரும். மிச்சமாகும் 36 கிலோ என்பது ஏறத்தாழ இரண்டு கேன் தண்ணீர். இந்தக் கரையில் தண்ணீருக்கு இருக்கும் மதிப்பு தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

பைபர் துருப்பிடிக்காது. அதைவிட முக்கியமாக, அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் இந்தக் கரையிலேயே இருக்கின்றன. பைபர் படகு கட்டுகிற, ஒட்டுப்போடுகிற இடங்கள் மீனவ ஊர்களில் உள்ளன. நீர் புகாத தொட்டி செய்வது அவர்கள் நாள்தோறும் செய்கிற வேலை. வேலை நடக்கும்போது ஒரு பகல் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. பிளைவுட் அச்சின் உட்புறம் மெழுகு தேய்த்து, முதலில் ஜெல்கோட் என்ற மேற்பூச்சைப் பூசுவார்கள். அது ஒட்டும் பதத்துக்கு வந்ததும் கண்ணாடி இழைப் பாயை விரித்து ரெசினை ஊற்றி, வரி வரியான உருளையால் உருட்டிக்கொண்டே வருவார்கள். பாய் வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் காற்று அடைபட்டிருக்கிறது என்று பொருள். அந்த வெள்ளை மறைந்து அடியில் உள்ள நிறம் தெரியும்வரை உருட்ட வேண்டும். மூலைகளில்தான் குமிழி தங்கும். அதனால் தொட்டியின் மூலைகளைக் கூராக வைக்காமல் வளைவாக வைக்கச் சொல்லுங்கள்.

பைபருக்கும் பலவீனம் உண்டு. ஓயாமல் குலுங்கும் சாலையில், போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். படகு கட்டும் அண்ணன் ஒருவர் வேலையைத் தொடங்கும் முன்பே என்னிடம் சொன்னது இது: "எங்கெங்கே துளை வரும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், தம்பி. அங்கே மட்டும் இரண்டு பாய் கூடப் போட்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகத் துளைத்தால் தாங்காது." மூடியின் கீல், விளக்கு, கேன் கட்டும் வளையம், சட்டத்தோடு பிணைக்கும் போல்ட் என்று ஒவ்வொன்றின் இடத்தையும் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். போல்ட்டுக்கு அடியில் அகலமான வாஷர் வேண்டும். சட்டத்துக்கும் தொட்டிக்கும் நடுவே ரப்பர் பட்டை வேண்டும். வெயிலில் ஜெல்கோட் வெளுத்துப் பொடி உதிரத் தொடங்கும். அதற்கு அவ்வப்போது மெழுகு பூசினால் போதும்.

சட்டம் இரும்பில்தான் இருந்தாக வேண்டும். அதற்கு நான் பரிந்துரைப்பது சூடான துத்தநாகக் குளியல். ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் சட்டம் முழுவதையும் முக்கியெடுப்பார்கள். 3 மி.மீ. கனமுள்ள இரும்பில் சுமார் 70 மைக்ரான் படலம் ஒட்டும். குழாயின் உட்புறமும் மூடப்படும். அதற்காகவே ஒவ்வொரு குழாயின் இரு முனையிலும் காற்றுத் துளை விட வேண்டும். அடைபட்ட குழாய் அந்தச் சூட்டில் வெடித்துவிடும். எல்லா வெல்டிங்கும் முக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு ஒரு கிளிப் ஒட்டினாலும் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்து துரு நுழையும். பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கை முக்கக் கூடாது. அதற்கு முன் நடக்கும் அமிலக் குளியலில் ஸ்பிரிங் எஃகு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். அதைத் தனியே பெயின்ட் அடித்து, வீணாகும் பாகம் என்று கருதிச் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். பட்டைகள் எந்த ஊரிலும் கிடைக்கும். ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பரின் முறுக்கத்தில் இயங்கும் டார்ஷன் ஆக்சில் சொகுசாக ஓடும் என்பது உண்மைதான். சாயல்குடியில் அது பழுதானால் யார் சரிசெய்வார்? ஆகவே லீஃப் ஸ்பிரிங்கே. போல்ட்டுகளுக்கு 304 வகை ஸ்டெயின்லெஸ் இங்கே பழுப்பேறிப் புள்ளி விழும், 316 வாங்குங்கள்.

என் தேர்வு துத்தநாகச் சட்டமும் பைபர் தொட்டியும்தான். இதில் ஒரு கண்டிப்பு: டிரெய்லரைப் பதிவுசெய்ய அதன் வடிவமைப்புக்கு அங்கீகாரம் பெற்றதற்கான ஆவணமும் தேவை. எனவே அங்கீகாரம் உள்ள உற்பத்தியாளரோடு முதலிலேயே பேசி, தொட்டி, மூடி, சக்கரம் எல்லாம் முடிந்த நிலையில் உள்ள எடையும் அளவுமே பதிவில் ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுக்குப் பிறகு உருவத்தை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரும்.

சக்கரம், கொக்கி, கூடாரம்

சக்கரத்தில் பேரமே வேண்டாம். இழுக்கும் வண்டியின் அதே அளவு, சக்கரத்தின் போல்ட் துளைகள் அமையும் அதே வட்டம். ஜிம்னிக்கு 195/80 ஆர்15 என்றால் டிரெய்லருக்கும் அதுவே. ஊருக்குள் இருந்து கரைக்கு இறங்கும் பாதைகளில் சீமைக்கருவேலமும் உடைமரமும் இருபுறமும் நிற்கும். வெட்டிப் போட்ட கிளை பாதையிலேயே கிடக்கும். அந்த முள் டயரின் பக்கவாட்டில் ஏறினால் ஒட்ட முடியாது. அப்போது இரு வண்டிக்கும் பொதுவான இரண்டு உதிரிச் சக்கரம் கையில் இருப்பதன் அருமை தெரியும். சக்கரத் தடமும் ஒன்றாக இருந்தால், மணலில் முன்வண்டி அமுக்கிய தடத்திலேயே டிரெய்லர் உருண்டு வரும். தடம் குறுகினால் அது தனக்கென்று புதிதாக இரண்டு பள்ளம் உழுதுகொண்டு வரும், எஞ்சின் முனகும். மணலுக்குள் இறங்கும் முன் முன்வண்டிக்குக் காற்றைக் குறைக்கிறவர்கள் டிரெய்லரை மறந்துவிடுகிறார்கள். அதையும் 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்க வேண்டும்.

கொக்கியில், ராணுவ வளையமும் தாடைக்கொக்கியும் எந்தக் கோணத்திலும் சுழலும். மணல் புகுந்தாலும் கவலையில்லை. ஆனால் கனம் அதிகம், வழி நெடுகக் கடகடக்கும். சமதரையான நம் கரைக்கு 50 மி.மீ. உருண்டையின் மேல் உட்காரும் குண்டுக் கொக்கி போதும். குறுக்காக இரண்டு பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் ஏர்க்காலை மட்டும் ராணுவ அளவைவிட ஓரடி நீளமாக வையுங்கள். பனைகளுக்கு நடுவே பின்னால் எடுக்கும்போது குட்டையான டிரெய்லர் சட்டென்று மடங்கிக்கொள்ளும்.

பிரேக் விஷயத்தில் வண்டியின் கையேடு சொல்வதை மீற வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஜிம்னிக்கு, பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 350 கிலோதான் வரம்பு. பிரேக் இருந்தால் 1,300 கிலோ. நாம் பேசுகிற வண்டி சுமையோடு 430 கிலோ வரும். ஆக, ஜிம்னிக்காரர் சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் உந்தும் விசையில் இயங்கும் பிரேக் போட வேண்டும்.

தொட்டியின் மேல் விரியும் கூடாரமா, தரைக் கூடாரமா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. மேல்கூடாரம் 50 முதல் 70 கிலோ எடையைத் தலைக்கு மேல் வைக்கும். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் சுமார் 2.3 கி.மீ. நீளம், அதன் மேல் பக்கக் காற்று அடிக்கும்போது உயரமான டிரெய்லர் ஆடுவதைக் கையில் உணரலாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல்கூடாரத்துக்குள் இரவெல்லாம் துணி படபடக்கும், தூக்கம் வராது. தரைக் கூடாரத்தை டிரெய்லரின் காற்று மறைவில் போடலாம். ஆனால் மணலில் முளை நிற்காது. சிமென்ட் சாக்குகளில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதையுங்கள், அசையாது. நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையை இங்கே விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குளிர்பெட்டி, பேட்டரி, சோலார் எல்லாம் இருந்தால் நல்லதுதான், அவசியமில்லை. மீன் இறங்கும் ஊர்களில் ஐஸ் கிடைக்கும். ஒரு நல்ல ஐஸ்பெட்டி இரண்டு நாளைத் தாங்கும். தண்ணீர்தான் முதன்மை. நான்கு பேருக்கு, இரண்டு இரவுக்கு, 20 லிட்டர் கேன் நான்கு. ஒரே பெரிய தொட்டியாக வைத்தால் வளைவில் தண்ணீர் அலம்பி வண்டியை இழுக்கும். கடலோரக் கிராமங்களின் குழாய்களையும் மணல் ஊற்றுகளையும் நம்பிப் போகாதீர்கள்; அந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு காத்திருந்து எடுக்கும் தண்ணீர் அது.

தங்குமிடத்துக்கு, உரிமையாளரிடம் கேட்டு அனுமதி பெற்ற தனியார் தோப்புதான் நல்லது. பக்கத்துக் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. கூடாரத்துக்கு அங்கே இடமில்லை. தனுஷ்கோடியில் மாலையானால் வெளியேற்றிவிடுவார்கள். கரையில் வலை காயும் இடத்திலும் கரைவலை இழுக்கும் துறையிலும் வண்டியை இறக்கவே கூடாது. ஆமை முட்டையிடும் பருவமும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான இதே மாதங்கள் என்பதால், ஈர மணலில் ஓட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு முன், எல்லாவற்றையும் ஏற்றி, ஒரு எடைமேடையில் டிரெய்லரை மட்டும் நிறுத்தி மொத்த எடையைப் பாருங்கள். பிறகு வீட்டு எடை இயந்திரத்தை ஏர்க்கால் முனைக்கு அடியில், கொக்கி உயரத்துக்கு ஒரு கட்டை வைத்து நிறுத்துங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 430 கிலோவுக்கு 43 கிலோ காட்ட வேண்டும். 55-ஐத் தாண்டினால் ஒரு தண்ணீர்க் கேனை அச்சுக்குப் பின்னால் தள்ளுங்கள். 35-க்குக் கீழே இறங்கினால் ஐஸ்பெட்டியை முன்பக்கம் கொண்டுவாருங்கள். பின்பக்கம் கனத்த டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டத் தொடங்கும்.